பாயிண்ட் டூ டூ ரைபிளுக்கு எந்த ஸ்கோப்?

ரைபிளின் மேல் மாட்டும் தொலைநோக்கிதான் ஸ்கோப். அதை வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது "இது எத்தனை எக்ஸ்?" என்றுதான், அதாவது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்று. விற்பவரும் அந்தக் கேள்விக்குத்தான் தயாராக இருப்பார். 9, 16, 24 என்று எண் ஏற ஏற விலையும் ஏறும். பெரிய எண் வாங்கினால் வாங்குபவருக்கும் ஒரு திருப்தி. ஆனால் .22 ரிம்ஃபயர் ரைபிளுக்கு (0.22 அங்குலக் குண்டு, தோட்டாவின் அடி விளிம்பில் அடித்து வெடிக்கவைக்கும் வகை) ஸ்கோப் தேடுகிறவர் முதலில் தனக்குத் தானே கேட்டுக்கொள்ள வேண்டியது வேறு: நான் எத்தனை மீட்டரில் சுடப் போகிறேன்? இதற்கு நேர்மையான பதில் இருந்தால் மற்றதெல்லாம் சுலபமாக முடிவாகிவிடும். "எல்லா தூரத்துக்கும்" என்பது பதில் ஆகாது.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா, அமெரிக்கா போன்ற நாடுகளில் துப்பாக்கி சுடப் பழகுகிறவர்கள் பெரும்பாலும் தொடங்குவது .22-இல்தான். பண்ணைகளில் முயல் தொல்லைக்கும், அமெரிக்கக் காடுகளில் அணில் வேட்டைக்கும், கிளப்புகளில் காகித இலக்குக்கும் அதுவே. அங்கே குடியேறிய நம்மவர்களும் ரைபிள் கிளப்பில் சேர்ந்தால் இதே வழிதான். இந்தியாவில் கதை வேறு. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி .22-க்கும் உரிமம் வேண்டும். வேட்டைக்கு 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் குறுக்கே நிற்கிறது. மிச்சமிருப்பது விளையாட்டு. அதிலும் ஒலிம்பிக் 50 மீட்டர் போட்டியில் ஸ்கோப்புக்கு இடமே இல்லை. 2024-இல் பாரிஸில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றது இதே .22 தோட்டாவில்தான், ஆனால் உருப்பெருக்கம் இல்லாத துளைக் குறிகாட்டியை வைத்து. ஆக, அந்தப் போட்டிக்குத் தயாராகிறவர் ஸ்கோப்புக்குச் செலவு செய்ய வேண்டியதில்லை.

சரி, தோட்டாவிலிருந்து ஆரம்பிப்போம். நாம் பேசுவது .22 லாங் ரைபிள் பற்றி. 1887-இல் வந்தது, இன்றும் அதே அளவுதான். குண்டின் எடை பொதுவாக 2.6 கிராம். சாதாரண வகை நொடிக்கு 325 மீட்டர் வேகத்தில் கிளம்பும். அதிவேக வகை 380 வரை போகும். பெரிய ரைபிள்களின் குண்டு இதைப்போல இரண்டு மடங்குக்கும் அதிகமான வேகத்தில் போகிறது. மெதுவாகப் போகிற குண்டு சீக்கிரம் கீழே இறங்கும். 50 மீட்டரில் நடுவில் விழுமாறு சரிசெய்த சாதாரண .22, 25 மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் மேலே படும், 75 மீட்டரில் ஏறத்தாழ 8 சென்டிமீட்டர் கீழே படும். 100 மீட்டர் போவதற்குள் ஒரு சாண் இறங்கிவிடும். 200 மீட்டரில் ஒன்றரை மீட்டருக்கும் மேல்.

இந்தக் கணக்கைப் பார்த்தாலே .22-இன் வீட்டு எல்லை புரியும். 100 மீட்டருக்குள்தான் அதன் வேலையில் பெரும்பங்கு. அதிலும் 25 முதல் 60 மீட்டர் வரைதான் அன்றாடம். ஆனால் கடையில் இருக்கும் ஸ்கோப்புகளில் பெரும்பாலானவை மான் வேட்டைக்கான பெரிய ரைபிள்களை மனதில் வைத்துச் செய்தவை. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

பேரலாக்ஸ்: சிறிய ரைபிளின் பெரிய தலைவலி

பைக்கில் பின்சீட்டில் உட்கார்ந்தபடி எட்டிப் பார்த்தால் ஸ்பீடோமீட்டர் முள் ஓட்டுகிறவர் பார்ப்பதற்கு ஐந்து கிலோமீட்டர் தள்ளித் தெரியும். முள்ளும் எண்களும் ஒரே தளத்தில் இல்லாததால் வருகிற கோளாறு அது. பள்ளி இயற்பியலில் இடமாறு தோற்றப் பிழை என்று படித்தோமே, அதுதான். ஸ்கோப்பிலும் இதே கதை. குறுக்குக்கோடு ஒரு தளத்தில் இருக்கிறது. முன் லென்ஸ் உருவாக்கும் இலக்கின் பிம்பம் வேறொரு தளத்தில் விழுகிறது. இரண்டும் ஒன்றாகச் சேர்வது ஒரே ஒரு குறிப்பிட்ட தூரத்தில் மட்டும். அந்தத் தூரத்தில் கண்ணை எங்கே வைத்தாலும் கோடு இலக்கை விட்டு நகராது. மற்ற தூரங்களில் கண் அசைந்தால் கோடும் அசையும்.

பெரிய ரைபிளுக்கான ஸ்கோப்புகளில் இந்தத் தூரத்தைத் தொழிற்சாலையிலேயே 100 கெஜம் அல்லது அதற்கும் மேலே வைத்துவிடுகிறார்கள். ரிம்ஃபயர் என்று பெயர் போட்ட ஸ்கோப்புகளில் பொதுவாக 50 கெஜம், அதாவது 46 மீட்டர். வோர்டெக்ஸ் கிராஸ்ஃபயர் 2 வரிசையில் 2-7x32 ரிம்ஃபயர் (2 முதல் 7 எக்ஸ், முன் லென்ஸ் 32 மி.மீ.) என்று ஒன்று இருக்கிறது. அது 50 கெஜத்துக்கு அமைத்தது. பெட்டியின் மேல் 'ரிம்ஃபயர்' என்ற சொல் இருப்பதற்கு முக்கியமான காரணம் இதுதான். வெறும் விளம்பரம் இல்லை.

எவ்வளவு தவறு வரும்? கணக்கு எளிது. முன் லென்ஸ் 40 மி.மீ. என்றால் அதன் பாதி 20. ஸ்கோப் 100 மீட்டருக்கு அமைத்தது, நீங்கள் சுடுவது 50 மீட்டரில். தூரங்களின் வித்தியாசம் 50. அதை 100-ஆல் வகுத்தால் அரை. 20-இல் பாதி 10 மி.மீ. கண் மிக மோசமாக ஓரத்தில் இருந்தால் குண்டு ஒரு சென்டிமீட்டர் தள்ளிப் போகலாம். 25 மீட்டரில் அது 15 மி.மீ. ஆகிறது. ஒலிம்பிக் 50 மீட்டர் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 10.4 மி.மீ.தான் என்பதை நினைத்துப் பாருங்கள். கண் அவ்வளவு ஓரத்துக்குப் போவது அரிது. போனால் படத்தின் ஓரம் இருட்டிக் காட்டிக்கொடுத்துவிடும். இருந்தாலும் பாதித் தவறு வந்தாலே, நல்ல ரைபிளும் நல்ல தோட்டாவும் சேர்ந்து கொடுக்கிற துல்லியத்தில் ஒரு பங்கு காற்றில் போய்விடும்.

அப்புறம் இன்னொரு பக்கமும் இருக்கிறது. 50 மீட்டருக்கு அமைத்த ரிம்ஃபயர் ஸ்கோப்பை 100 மீட்டரில் பயன்படுத்தினால் அதே கணக்கில் 20 மி.மீ. வரை வரும். நிலையாக அமைத்த ஸ்கோப்புக்கு இந்த வரம்பு உண்டு. 20 மீட்டரிலும் 100 மீட்டரிலும் மாறி மாறிச் சுடுகிறவர், தூரத்தைத் திருப்பி மாற்றிக்கொள்ளும் வசதி உள்ளதை வாங்குவது நல்லது. அது இரண்டு விதமாக வரும். முன் லென்ஸைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும், அல்லது நடுவில் இடது பக்கம் ஒரு குமிழ் இருக்கும். பக்கக் குமிழ் வசதியானது. கன்னத்தை ரைபிளின் பின்கட்டையிலிருந்து எடுக்காமலே திருப்பலாம். முன்வளையம் விலை குறைவு. வாங்கும்போது மறக்காமல் பார்க்க வேண்டியது, குமிழில் மிகக் குறைந்த எண் என்ன என்பது. சில ஸ்கோப்புகளில் 10 கெஜத்திலிருந்தே தொடங்கும், சிலவற்றில் 50-இலிருந்துதான். இரண்டாவது வகையை .22-க்கு வாங்கினால் பாதி நாள் அந்தக் குமிழுக்கு வேலையே இருக்காது.

பேரலாக்ஸ் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் முறையைக் கையோடு கற்றுக்கொள்ளுங்கள். தோட்டா இல்லாத ரைபிளை மணல் மூட்டையில் அசையாமல் வையுங்கள். குறுக்குக்கோடு இலக்கின் நடுவில் நிற்கட்டும். இனி ரைபிளைத் தொடாமல், ஸ்கோப்புக்குப் பின்னால் தலையை மட்டும் மெல்ல மேலும் கீழும் அசையுங்கள், பிறகு இடமும் வலமும். கோடு இலக்கின் மேல் நீந்தினால் குமிழைக் கொஞ்சம் திருப்பி மறுபடி பாருங்கள். கோடு ஆணி அடித்தது போல நிற்கிற இடம்தான் அந்தத் தூரத்துக்குச் சரியானது. குமிழில் அச்சடித்த எண்ணை முழுதாக நம்ப வேண்டாம். 50 என்று எழுதிய இடத்துக்குச் சற்று முன்னோ பின்னோ சரியாக நிற்பது சகஜம். அந்த இடத்தில் வெள்ளை பெயிண்டால் ஒரு சின்னக் கோடு போட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. நல்ல பழக்கம்.

கண் பக்கத்து லென்ஸைத் திருப்புவது வேறு, இது வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய. கண் பக்கத் திருகு உங்கள் பார்வைக்குக் கோடு கூர்மையாகத் தெரிவதற்கு. வெறும் வானத்தையோ வெள்ளைச் சுவரையோ பார்த்து ஒரு தடவை சரிசெய்துவிட்டால் போதும், அதன் பிறகு அதைத் தொட வேண்டியதில்லை.

எத்தனை எக்ஸ்?

இப்போதுதான் இந்தக் கேள்விக்கு வருகிறோம். .22 குண்டு காகிதத்தில் போடும் ஓட்டை ஐந்தரை மி.மீ. அளவு. 50 மீட்டரில் வெறும் கண்ணுக்கு அது தெரியாது. கறுப்பு வட்டத்துக்குள் விழுந்த ஓட்டையை ஸ்கோப்பிலேயே பார்த்து எண்ண வேண்டும் என்றால் 12 எக்ஸாவது இருந்தால் சுகம். முயலைச் சுட ஓட்டையை எண்ணத் தேவையில்லை. 50 மீட்டரில் 4 எக்ஸ் வைத்தே முயலின் தலையைத் தெளிவாகப் பார்க்கலாம். 4 எக்ஸில் பார்க்கும்போது 50 மீட்டர், பன்னிரண்டரை மீட்டர் போலத் தெரியும். அதற்கு மேல் என்ன வேண்டும்?

பெரிய எண்ணுக்கு ஒரு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது, பணத்தைத் தவிரவும். சாதாரண 3-9x40 ஸ்கோப்பில் 3 எக்ஸில் வைத்தால் 100 மீட்டரில் 11 மீட்டர் அகலம் தெரியும். 9 எக்ஸில் அது 4 மீட்டர் அளவுக்குச் சுருங்கும். 20 மீட்டரில் என்றால் முக்கால் மீட்டர் அகலம்தான். புல்லுக்குள் இருந்த முயல் இரண்டு தாவல் தாவினால் படத்தில் இல்லை. அதைத் தேடிக் குழலை ஆட்டிக்கொண்டிருப்பீர்கள். கை நடுக்கமும் அதே அளவு பெரிதாகும். நின்றபடி 16 எக்ஸில் பார்க்கும் புதியவருக்குத் தன் நாடித் துடிப்பே எதிரி ஆகிவிடும். நடுங்குவது புதிதாக வந்ததில்லை, முன்பும் அவ்வளவுதான் நடுங்கியது. இப்போது தெரிகிறது, அதனால் பயந்து விசையை வெடுக்கென்று இழுக்கிறார்.

வெளிச்சமும் குறையும். முன் லென்ஸின் அகலத்தை எக்ஸால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 40-ஐ 9-ஆல் வகுத்தால் 4.4 மி.மீ.; பகலில் நம் கண்மணிக்கு இது தாராளம். அதே 40-ஐ 24-ஆல் வகுத்தால் 1.7. கண்ணைச் சரியாக ஒரே இடத்தில் வைத்தால்தான் படமே வரும். அந்தி சாயும் நேரம் என்றால் கேட்கவே வேண்டாம், முயல் வெளியே வருவதோ அந்த நேரத்தில்தான்.

முதல் ஸ்கோப் வாங்குகிறவருக்கு என் பரிந்துரை 2-7x32 அல்லது 3-9x40, ரிம்ஃபயருக்கு அமைத்தது. சின்னதை விரும்புகிறவர் நிலையான 4 எக்ஸ் வாங்கினாலும் குறைவில்லை. நகரும் பாகம் குறைவு, கெட்டுப்போவதும் குறைவு. மேசையில் உட்கார்ந்து 50 மீட்டரில் ஒரே ஓட்டைக்குள் ஐந்து குண்டு போட முயல்கிற பெஞ்ச்ரெஸ்ட் ஆட்கள் 36 எக்ஸ், அதற்கு மேலும் வைத்திருப்பார்கள். அவர்கள் உலகம் வேறு. உலோக உருவங்களைச் சாய்க்கும் சிலூவெட் போட்டியில் 40 மீட்டரில் கோழி, 60-இல் பன்றி, 77-இல் வான்கோழி, 100-இல் செம்மறிக் கிடா என்று நான்கு தூரம். எல்லாம் நின்றபடி சுட வேண்டும். அங்கே எக்ஸை விட, நான்கு தூரத்துக்கும் ஒழுங்காகத் திருப்பி மறுபடி பழைய இடத்துக்கு வருகிற, குண்டு விழும் இடத்தைச் சரிசெய்யும் திருகுதான் உயிர்.

பெரிய லென்ஸ் மேல் ஆசை

50 மி.மீ., 56 மி.மீ. முன் லென்ஸ் பார்க்கக் கம்பீரமாக இருக்கும். .22-க்கு அது பொருந்தாத தலைப்பாகை. லென்ஸ் குழலில் இடிக்காமல் இருக்க, ஸ்கோப்பை ரைபிளோடு பிடித்து நிறுத்தும் வளையம் உயரமானதாக இருக்க வேண்டும். உயரமானால் கன்னம் கட்டையில் படியாது, தாடையை ஒட்டிக்கொண்டு தலையைத் தூக்கிப் பார்க்க வேண்டியிருக்கும். தலை நிலையில்லாமல் மிதந்தால் மேலே சொன்ன பேரலாக்ஸ் தவறு முழு பலத்தோடு வரும். ஒன்று இன்னொன்றைக் கெடுக்கிறது. எடையும் இருக்கிறது. ரூகர் 10/22 மாதிரி ஒரு ரைபிள் இரண்டேகால் கிலோ அளவுதான். அதன் தலையில் முக்கால் கிலோ ஸ்கோப்பை ஏற்றினால் கையில் பிடிக்கும்போதே பக்கவாட்டில் சாயப் பார்க்கும். 32 அல்லது 40 போதும்.

கோடுகளைப் பற்றி அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டாம். ஓரத்தில் தடித்து நடுவில் மெலிந்த சாதாரண குறுக்குக்கோடு பாதிப் பேருக்குப் போதும். குண்டு இறங்குவதைக் கணக்கிட்டு நடுவுக்குக் கீழே புள்ளிகள் போட்ட வகையும் உண்டு. பிரிட்டனின் ஹாக் நிறுவனம் .22-க்கென்றே, மெதுவான தோட்டாவுக்கு ஒன்றும் வேகமான தோட்டாவுக்கு ஒன்றுமாக இரண்டு விதம் விற்கிறது. பயனுள்ளதுதான், ஆனால் ஒரு சூட்சுமம். பெரும்பாலான ஸ்கோப்புகளில் எக்ஸை மாற்றினாலும் கோட்டின் அளவு மாறாது. அதனால் அந்தப் புள்ளிகள் ஒரே ஒரு எக்ஸில்தான் சரியாக இருக்கும், வழக்கமாக உச்ச எண்ணில். 9 எக்ஸில் 75 மீட்டருக்கான புள்ளி 4 எக்ஸில் வேறு ஏதோ தூரத்துக்கானது. எக்ஸோடு சேர்ந்து கோடும் வளரும் வகையில் இந்தக் குழப்பம் இல்லை. விலை அதிகம், குறைந்த எக்ஸில் கோடு நூல் மாதிரி மெலிந்துவிடும்.

திருகுகளில் இரண்டு அளவு முறைகள். எம்.ஓ.ஏ. (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) முறையில் திருகைத் திருப்பும்போது விழும் ஒரு சொடுக்கு பெரும்பாலும் கால் எம்.ஓ.ஏ.; 100 மீட்டரில் 7 மி.மீ., 50 மீட்டரில் மூன்றரை மி.மீ. அளவு குண்டை நகர்த்தும். மில் (தூரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) முறையில் ஒரு சொடுக்கு பெரும்பாலும் பத்தில் ஒரு மில்; 100 மீட்டரில் சரியாக ஒரு சென்டிமீட்டர், 50-இல் அரை. மீட்டரில் பழகிய நமக்கு மில்தான் மனக்கணக்குக்கு எளிது. எதுவானாலும் கோட்டிலும் திருகிலும் ஒரே முறை இருக்கட்டும். ஒரே தூரத்தில் சுடுகிறவருக்கு மூடி போட்ட திருகு நல்லது. பையில் உரசித் தானாகத் திரும்பாது. 200 மீட்டர் வரை போக ஆசைப்படுகிறவருக்கு மூடியில்லாத பெரிய திருகு வேண்டும். ஸ்கோப்பைச் சற்று முன்சாய்வாகப் பிடிக்கும் 20 எம்.ஓ.ஏ. தளமும் தேவைப்படலாம். இல்லாவிட்டால் மேலே திருப்பத் திருப்ப, பாதி வழியில் திருகு முட்டிக்கொண்டு நின்றுவிடும்.

பொருத்துவது

ஸ்கோப்பைத் தேர்ந்தெடுத்தவர் வளையத்தை மறந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. .22 ரைபிள்கள் பலவற்றில் மேல்பக்கம் 11 மி.மீ. அகலத்தில் இரண்டு பள்ளம் வெட்டியிருக்கும். சி.இசட். 457 அப்படி. பெரிய ரைபிள்களில் வருவது அதைவிட அகலமான, குறுக்கே வெட்டுகள் உள்ள வீவர் அல்லது பிக்காட்டினி தளம். ஒன்றுக்கான வளையம் மற்றதில் உட்காராது. ரூகர் 10/22-இல் ஓட்டைகள் போட்டிருக்கும், தளத்தைத் தனியாக மாட்ட வேண்டும். உங்கள் ரைபிளின் மேல்பக்கம் எது என்று பார்த்துவிட்டு, ஸ்கோப்பின் குழாய் ஒரு அங்குலமா 30 மி.மீ.யா என்றும் பார்த்துவிட்டுத்தான் வளையம் வாங்க வேண்டும். 30 மி.மீ. குழாயில் வெளிச்சம் அதிகம் என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். திருப்ப இடம் அதிகம், அவ்வளவுதான்.

வளையத் திருகுகளை முழுப்பலம் கொண்டு இறுக்குவது குழாயை நசுக்கும். ஒவ்வொரு திருகையும் கொஞ்சம் கொஞ்சமாக, மாற்றி மாற்றி இறுக்குங்கள். குறுக்குக்கோடு சாயாமல் நிற்க, தூரத்தில் ஒரு நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு அதோடு நேர்க்கோட்டை ஒத்துப் பாருங்கள். கொத்தனார் வேலைக்கு ஆகிற தூக்குக்குண்டு இங்கேயும் ஆகும்.

.22-இன் பின்னுதை ஒன்றுமில்லாதது, அதனால் எந்த ஸ்கோப்பும் தாங்கும். ஆனால் அதே ஸ்கோப்பைக் கழற்றி ஸ்பிரிங் வைத்த ஏர் ரைபிளில் மாட்டாதீர்கள். ஏர் ரைபிள்தானே, அது இன்னும் மென்மையாக இருக்கும் என்று தோன்றும். உண்மை தலைகீழ். ஸ்பிரிங் விடுபடும்போது பின்னாலும், பிஸ்டன் முட்டும்போது முன்னாலும் இரண்டு உதை விழும். முன்பக்க உதைக்குத் தயாராக இல்லாத லென்ஸ்கள் கழன்றுபோகும். ஏர் ரைபிளுக்கென்று செய்த ஸ்கோப்பை .22-இல் மாட்டுவதில் தடையில்லை. கிட்டத்து இலக்குக்கும் அது தெளிவாக இருக்கும் என்பதால் சில சமயம் அதுவே நல்ல பேரம்.

ரைபிளோடு இலவசமாக வரும் விரல் தடிமன் ஸ்கோப்புகளைப் பற்றிக் கேட்பார்கள். முக்கால் அங்குலக் குழாய், சின்ன லென்ஸ். கண்ணைச் சரியாக ஒரே இடத்தில் பிடிக்காவிட்டால் படம் கறுத்துப்போகும். அதில் பழகினால் புதியவருக்கு ஸ்கோப் மேலேயே வெறுப்பு வந்துவிடும். அதைவிட ரைபிளின் இரும்புக் குறிகாட்டியில் சுடலாம்.

மாட்டியதும் 25 மீட்டரில் தொடங்குங்கள். கையால் இழுக்கும் போல்ட் உள்ள ரைபிளாக இருந்தால், தோட்டா இல்லை என்று உறுதி செய்துவிட்டு போல்ட்டைக் கழற்றி, குழல் வழியாகவே இலக்கைப் பாருங்கள். குழலில் இலக்கு நடுவில் தெரியும்படி மூட்டையில் நிறுத்தி, ரைபிள் அசையாமல் குறுக்குக்கோட்டை அங்கே கொண்டுவந்துவிட்டால் முதல் குண்டு காகிதத்துக்குள் விழும். பிறகு மூன்று மூன்றாகச் சுட்டு, மூன்றின் நடுவைப் பார்த்துத் திருப்புங்கள். ஒவ்வொரு குண்டுக்கும் திருப்பினால் வாலைப் பிடிக்க ஓடும் நாய்க்குட்டி ஆகிவிடுவீர்கள். அப்புறம் 50 மீட்டருக்குப் போய் முடியுங்கள். திருகு நம்பத்தகுந்ததா என்று பார்க்க, வலப்புறம் 20 சொடுக்கு, மேலே 20, இடப்புறம் 20, கீழே 20 என்று ஒவ்வொரு மூலையிலும் சுட்டுக்கொண்டே வாருங்கள். காகிதத்தில் ஒரு சதுரம் வந்து, கடைசிக் குண்டுகள் முதல் குண்டுகளின் மேலேயே விழுந்தால் ஸ்கோப் தேறிவிட்டது.

இவ்வளவும் செய்த பிறகு ஒரு நாள் குண்டுகள் இரண்டு சென்டிமீட்டர் இடம் மாறி விழலாம். ஸ்கோப்பைத் திட்டுவதற்கு முன் தோட்டாப் பெட்டியைப் பாருங்கள். .22 குழல்களுக்கு ஒவ்வொரு தோட்டாவோடும் ஒரு தனி உறவு. பிராண்ட் மாறினால் விழும் இடம் மாறும், குண்டுகள் சேர்ந்து விழும் கூட்டத்தின் அளவும் மாறும். எந்தத் தோட்டாவில், எந்தத் தூரத்தில் சரிசெய்தீர்கள் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கட்டையின் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். தோட்டாவும் மாறவில்லை என்றால் அடுத்து வளையத் திருகுகளைத் தொட்டுப் பாருங்கள். ஸ்கோப்பின் மேல் சந்தேகம் வர வேண்டியது அதற்கும் பிறகுதான்.